தொடாமல் வாசிக்கும் வாத்தியமும் ஒரு பிறந்தநாள் கேக்கும்

டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்த வீடுகளில் எல்லோருக்கும் இது தெரியும். ஸ்டேஷன் சரியாக எடுக்காது. யாராவது எழுந்துபோய் ஏரியலைப் பிடித்தால் பாட்டு தெளிவாகக் கேட்கும். கையை எடுத்தால் மறுபடியும் கரகரப்பு. சில சமயம் ஆள் பக்கத்தில் போய் நின்றாலே போதும், 'கீ...' என்று ஒரு விசில் சத்தம் ஏறி இறங்கும். கிரிக்கெட் கமெண்டரி நேரமாக இருந்தால் "அங்கயே நில்லுடா, அசையாத" என்று அந்த ஆளை அதட்டி நிறுத்திவிடுவார்கள்.

அந்த விசில் சத்தத்தை நாமெல்லாம் தொல்லை என்றுதான் நினைத்தோம். கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் அதைச் சங்கீதம் என்று நினைத்தார். அவர் பெயர் லெவ் தெர்மென். ரஷ்யாக்காரர். 1896-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். இயற்பியல் படித்தார், கூடவே செல்லோ வாசிக்கவும் கற்றார். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்ததுதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

1920 வாக்கில் அவர் வேலை பார்த்தது பெட்ரோகிராடில் இருந்த இயற்பியல் தொழில்நுட்ப ஆய்வுக்கூடத்தில். வாயுக்களின் மின் குணங்களை அளப்பதற்கு ஒரு கருவி செய்துகொண்டிருந்தார். அதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டபோது, தன் கை பக்கத்தில் போனால் சத்தம் ஏறுவதையும் தள்ளிப் போனால் இறங்குவதையும் கவனித்தார். வேறு யாராவது என்றால் கருவியில் கோளாறு என்று கழற்றிப் போட்டிருப்பார்கள். செல்லோ பழகிய கை அல்லவா, அதிலேயே தெரிந்த பாட்டை வாசித்துப் பார்த்துவிட்டது!

அது எப்படி வேலை செய்கிறது என்பது பெரிய ரகசியம் இல்லை. உள்ளே இரண்டு மின்சுற்றுகள் அதிர்ந்துகொண்டே இருக்கும். உதாரணத்துக்கு, ஒன்று நொடிக்கு 1,70,000 தடவை, இன்னொன்று 1,70,440 தடவை என்று வைத்துக்கொள்வோம். இரண்டுமே மனிதக் காதுக்கு எட்டாது. ஆனால் இரண்டையும் கலந்தால் அவற்றின் வித்தியாசம், அதாவது 440, ஒரு சுரமாகக் கேட்கும். ஒரு சுற்று மாறாது. இன்னொன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் கம்பியோடு இணைக்கப்பட்டிருக்கும். கை அந்தக் கம்பியை நெருங்கும்போது, கையும் கம்பியும் சேர்ந்து ஒரு கண்டென்சர் ஆகிவிடுகின்றன. நம் வீட்டு சீலிங் ஃபேனுக்குள் இருக்கிறதே, அதே ஜாதிதான். என்ன, மிகமிகச் சின்னது. அந்தத் துளி மாற்றத்துக்கே அதிர்வு மாறிவிடும், சுரமும் நகர்ந்துவிடும்.

நடுவில் காற்றுதானே இருக்கிறது, அதைத் தாண்டி மின்சாரம் எப்படிப் போகும் என்று கேட்கலாம். விருத்தாசலம் பக்கத்து ஆட்களுக்குப் பீங்கானை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். பீங்கான் மின்சாரத்தைத் தன் வழியாக ஓட விடாது. அதனால்தான் மின்கம்பத்தில் அதை வைக்கிறார்கள். ஆனால் இரண்டு தகடுகளுக்கு நடுவே அதே பீங்கானை வைத்தால், ஒரு பக்கத்து மின்னூட்டம் மறுபக்கத்துக்கு உறைக்கும். ஓடாது, உறைக்கும், அவ்வளவுதான். காற்றும் அப்படியே.

வலது கை செங்குத்தான கம்பிக்கு எதிரே, சுரத்துக்கு. இடது கை பக்கவாட்டில் நீட்டியிருக்கும் வளையத்துக்கு மேலே, சத்தம் கூட்டவும் குறைக்கவும். வாசிப்பவர் எதையும் தொட மாட்டார். மேடையில் பார்ப்பவர்களுக்கு மாயாஜாலம் மாதிரிதான் இருந்திருக்கும். 1922 மார்ச்சில் தெர்மென் இதை லெனின் முன்னால் வாசித்துக் காட்டினார். லெனின் தானும் கை வைத்துப் பார்த்தாராம் ('கை வைக்காமல்' என்று சொல்ல வேண்டுமோ?). பிறகு ஐரோப்பா முழுவதும் சுற்றிக் கச்சேரிகள். 1927 கடைசியில் அமெரிக்கா. அங்கே அவர் பெயர் லியோன் தெரெமின் ஆனது, வாத்தியத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தக் கட்டுரையில் ஆளைத் தெர்மென் என்றும் வாத்தியத்தைத் தெரெமின் என்றும் சொல்லிவிட்டால் குழப்பம் இருக்காது.

இனிமேல் வருவது காமர்ஸ் படிக்கிறவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டிய பகுதி.

1928-ல் தெர்மெனுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ரேடியோ விற்பதில் அன்று பெரிய ஆளாக இருந்த ஆர்.சி.ஏ. கம்பெனி அந்த உரிமையை வாங்கி, 1929-ல் சுமார் 500 தெரெமின்கள் செய்து கடைக்கு அனுப்பியது. விளம்பரத்தின் சாரம் இதுதான்: வாய்விட்டு ராகம் இழுக்கத் தெரிந்தால், விசில் அடிக்கத் தெரிந்தால் போதும், யாரும் வாசிக்கலாம், பயிற்சியே வேண்டாம். விலை 175 டாலர். வால்வுகளும் ஸ்பீக்கரும் தனி. அன்று ஒரு சாதாரண ஃபோர்டு காரே 500 டாலருக்குள் கிடைத்தது என்பதோடு சேர்த்துப் பார்த்தால், அந்த மரப்பெட்டி என்ன விலை என்று புரியும். அதே வருடம் அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. ஆர்.சி.ஏ. மேற்கொண்டு தயாரிக்கவே இல்லை.

பங்குச் சந்தையைக் காரணம் சொல்லிவிட்டுப் போய்விடலாம். பல இடங்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது பாதிக் காரணம்தான். விளம்பரமே பொய் என்பதுதான் மீதி. தெரெமின் வாசிப்பதற்கு மகா கஷ்டமான வாத்தியம். வயலினில் தந்தி இருக்கிறது, விரலுக்கு ஒரு பிடிமானம் உண்டு. வீணையில் மெட்டு இருக்கிறது. இதில் வெறும் காற்று. 'ச' எங்கே இருக்கிறது, 'ரி' எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு புள்ளிகூடக் கிடையாது. உடம்பு கொஞ்சம் அசைந்தாலும் சுருதி நழுவும். கூடத்தில் வேறு யாராவது பக்கத்தில் நடந்துபோனாலும் போச்சு. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நடுவில் உள்ள எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டுதான் போகும். நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிப்போனவர் வீட்டில் மாலை வேளையில் என்ன சத்தம் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பூனை அழுகிற மாதிரி இருந்திருக்கும். வாங்கியவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் சிபாரிசு செய்திருக்க வாய்ப்பே இல்லை.

எல்லோருக்கும் என்று செய்த பொருள் யாருக்கும் பொருந்தாமல் போனது. இதே நேரத்தில் தெர்மென் ஒரே ஒரு ஆளுக்காகச் சில பொருட்களைச் செய்துகொண்டிருந்தார். வாத்தியத்தைப் பிழைக்க வைத்தது அதுதான்.

அந்த ஆள் கிளாரா ரைசன்பெர்க். 1911 மார்ச் 9-ம் தேதி வில்னா நகரத்தில் பிறந்தவர் (இன்று அது லித்துவேனியாவின் தலைநகரம் வில்னியஸ்). நான்கு வயதிலேயே பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரியில் வயலினுக்குச் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். லியோபோல்ட் ஆவர் என்ற பெரிய ஆசிரியரின் மாணவி. புரட்சிக் காலத்துப் பஞ்சமும் அலைச்சலும் முடிந்து, 1921-ல் குடும்பம் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. எதிர்காலம் வயலின்தான் என்று எல்லோரும் நினைத்திருந்த நேரத்தில் வில் பிடிக்கும் கையில் வலி வந்தது. சின்ன வயதில் சத்தான சாப்பாடு இல்லாததால் எலும்பில் வந்த பலவீனம் என்கிறார்கள். வயலினை விட வேண்டியதாயிற்று. டீன்-ஏஜ் வயதில், பத்துப் பன்னிரண்டு வருடம் உயிராகப் பழகிய ஒன்றை ஒரே நாளில் மூடி வைப்பது எப்படி இருந்திருக்கும்?

அந்த நிலையில்தான் கிளாரா தெர்மெனையும் அவருடைய வாத்தியத்தையும் பார்த்தார். வில் பிடிக்கத் தேவையில்லை, தந்தியை அழுத்தத் தேவையில்லை. ஆனால் வயலின்காரரின் காது கட்டாயம் தேவை. கிளாராவிடம் கை போய்விட்டது, காது இருந்தது. சுரத்தைக் கேட்ட மாத்திரத்தில் இன்னது என்று சொல்லக்கூடிய காது.

தெர்மெனுக்கு அவர்மேல் காதல். கிளாராவைவிடப் பதினான்கு வயது மூத்தவர். கிளாராவின் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு அவர் கொடுத்த பரிசு ஒரு கேக். சாதாரணக் கேக் இல்லை. யாராவது பக்கத்தில் போனால் தானாகச் சுழலும், மேலே இருக்கும் மெழுகுவர்த்தி ஒளி விடும். தள்ளிப் போனால் நின்றுவிடும். வாத்தியத்தில் இருந்த அதே சங்கதிதான். ஆள் நெருங்குவதை மின்சுற்று உணர்ந்துகொள்கிறது. வாத்தியத்தில் அது சுரத்தை நகர்த்தியது, இங்கே கேக்கைச் சுழற்றியது. 1929-ல் நடந்தது இது, நினைவிருக்கட்டும். ஆர்.சி.ஏ. அதே வருடத்தில்தான் அதே தத்துவத்தைப் பெட்டியில் அடைத்து 175 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது.

கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று தெர்மென் கேட்டார், ஒரு தடவைக்கு மேல் கேட்டார் என்றும் சொல்வார்கள். கிளாரா மறுத்துவிட்டார். ராபர்ட் ராக்மோர் என்ற வழக்கறிஞரை மணந்து கிளாரா ராக்மோர் ஆனார். கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். நம் சினிமாவாக இருந்தால் தாடி வளர்த்திருப்பார் :-) ஆனால் தெர்மென் மற்றபடி மாறவில்லை. கிளாராவுக்கென்றே ஒரு தெரெமின் செய்து கொடுத்தார்.

அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிளாரா சும்மா வாங்கிக்கொள்ளவில்லை, குறை சொன்னார். வழக்கமான தெரெமின் மூன்று சொச்சம் ஸ்தாயிதான் பேசும், அவருக்கு ஐந்து ஸ்தாயி வேண்டும். வயலினுக்கும் செல்லோவுக்கும் எழுதிய உருப்படிகளை வாசிக்க வேண்டுமானால் மூன்று போதாது. இரண்டாவது, இடது கையின் வேகம். பழைய கருவியில் சத்தம் மெதுவாகத்தான் ஏறி இறங்கும். அதனால் சுரங்களைத் தனித்தனியாக வெட்டி வாசிக்க முடியாது, எல்லாம் ஜவ்வு மாதிரி இழுத்துக்கொண்டே இருக்கும். இடது கை ஒரு சின்ன அசைவு அசைத்தால் சத்தம் சட்டென்று அற்றுப்போக வேண்டும், சட்டென்று திரும்ப வர வேண்டும். மூன்றாவது, பெட்டியின் உயரம். பழைய பெட்டி வாசிப்பவரைப் பாதி மறைத்துவிடும். அது தாழ்வாக இருக்க வேண்டும் என்றார். மூன்றையும் தெர்மென் செய்து முடித்தார்.

இதில் இரண்டாவதுதான் முக்கியம். சுரங்களை வெட்ட முடியாதவரை தெரெமின் ஒரு வேடிக்கைச் சாதனம்தான். வெட்ட முடிந்த பிறகுதான் அது வாத்தியம். கிளாரா தன் பங்குக்குக் காற்றில் விரல் வைக்கும் ஒரு முறையை உருவாக்கினார். முழங்கையை ஆட்டாமல், கையை ஒரு இடத்தில் நிறுத்தி, விரல்களை மடக்கி விரித்து அடுத்தடுத்த சுரங்களைப் பிடிக்கும் முறை. இன்றைக்குத் தெரெமின் கற்பவர்கள் பலருக்கும் இதுதான் அஸ்திவாரம். 1934-ல் நியூயார்க் டவுன் ஹாலில் கிளாரா தெரெமின் கச்சேரி செய்தார். பிறகு பாடகர் பால் ராப்சனோடு ஊர் ஊராகச் சுற்றுப்பயணம். ஸ்டோகோவ்ஸ்கி நடத்திய இசைக்குழுவோடும் வாசித்தார்.

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இதில் ஒரு விஷயம் உடனே படும். மேற்கத்திய வாத்தியக்காரர்கள் பயந்த அந்த 'நடுவில் உள்ள எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்' குணம் நமக்குக் குறையே இல்லை. கமகம் என்பதே அதுதானே. ஹார்மோனியத்தால் அது முடியாது என்றுதான் அகில இந்திய வானொலி 1940-லிருந்து 1971 வரை ஹார்மோனியத்தையே ஒதுக்கி வைத்திருந்தது. கட்டைகளுக்கு நடுவே இருக்கும் சுருதிகளை வாசிக்க முடியாத பெட்டி என்பது குற்றச்சாட்டு. தெரெமினுக்குக் கட்டையே கிடையாது!

ஆனால் நம் நாட்டில் மின்னணு வாத்தியம் வேறு வழியாக வந்தது. பெங்களூரில் பொறியாளரும் இசைக் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் எலக்ட்ரானிக் தம்புரா ஒன்றைச் செய்தார். 1979 டிசம்பரில் சென்னை மியூசிக் அகாடமியின் ஆண்டு மாநாட்டில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. அவருடைய ரேடல் நிறுவனத்தின் சுருதிப்பெட்டிகள் இன்று பாட்டு டீச்சர் வீடுகளில் சர்வசாதாரணம். ஆர்.சி.ஏ. தோற்ற இடத்தில் இது ஏன் ஜெயித்தது? தம்புரா மீட்ட ஆள் கிடைக்காது, பஸ்ஸில் தம்புராவைத் தூக்கிப் போக முடியாது, தட்பவெப்பம் மாறினால் தந்தி சுருதி மாறும். ஏற்கெனவே எல்லோருக்கும் இருந்த ஒரு கஷ்டத்தை அந்தப் பெட்டி தீர்த்தது. வாங்கியவர் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை, ஸ்விட்சைப் போட்டால் போதும். தெரெமின் யாருடைய கஷ்டத்தையும் தீர்க்கவில்லை. ஒரே ஒருவருடைய கஷ்டத்தைத் தவிர. (தம்புரா மீட்டிப் பிழைத்தவர்களுக்கு அந்தப் பெட்டி என்ன செய்தது என்பது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.)

தெர்மெனிடம் திரும்புவோம். அவர் வாழ்க்கை இந்த இடத்தில் தடம் புரள்கிறது.

1938-ல் லவினியா வில்லியம்ஸ் என்ற கறுப்பின பாலே நடனக் கலைஞரை அவர் மணந்தார். அன்றைய அமெரிக்காவில் இந்தக் கல்யாணத்தால் பல வீட்டுக் கதவுகள் அவருக்கு மூடின. கடன் வேறு. அதே வருடம் செப்டம்பரில் அவர் ரஷ்யா திரும்பிவிட்டார். மனைவியை உடன் அழைத்துப் போகவில்லை. கடத்திப் போனார்கள் என்று சிலர், தானாகத்தான் போனார் என்று சிலர். 1939-ல் அங்கே கைது. கோலிமா என்ற பனிப் பிரதேசத்துக் கட்டாய உழைப்பு முகாம். பிறகு, கைதிகளான விஞ்ஞானிகளை வைத்து அரசாங்க ஆராய்ச்சி நடத்திய சிறை ஆய்வுக்கூடம். நியூயார்க்கில் அவரைத் தெரிந்தவர்கள் பலர் அவர் இறந்துவிட்டார் என்றே நம்பினார்கள்.

சிறை ஆய்வுக்கூடத்தில் அவர் இன்னொரு பரிசுக்கான வேலையைச் செய்தார்.

1945 ஆகஸ்ட் 4-ம் தேதி, மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு ரஷ்யப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு பரிசு கொடுத்தார்கள். அமெரிக்க அரசு முத்திரையை, கழுகும் அம்புகளுமாக, மரத்தில் அழகாகச் செதுக்கிய ஒரு பெரிய சின்னம். போர் முடியும் நேரம், இரண்டு நாடும் நட்பு நாடு. பிள்ளைகள் அன்போடு கொடுத்ததை எப்படி மறுப்பது? தூதர் தன் வீட்டுப் படிப்பறைச் சுவரில் மாட்டினார். அது அங்கேயே ஏழு வருடம் தொங்கியது. தூதர்கள் மாறினார்கள், சின்னம் மாறவில்லை.

அதற்குள்ளே தெர்மென் வடிவமைத்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. ஒரு சின்ன உலோகக் குப்பி, அதன் வாயில் காகிதத்தைவிட மெல்லிய ஒரு சவ்வு, ஒரு ஏரியல் கம்பி. அவ்வளவுதான். வெளியே இருந்து ரஷ்யர்கள் ஒரு ரேடியோ அலையை அனுப்புவார்கள். அறையில் யாராவது பேசினால் சவ்வு நடுங்கும், குப்பியின் மின்தேக்கும் அளவு துளித்துளியாக மாறும், திரும்பிவரும் அலையில் பேச்சு பதிந்திருக்கும். அலை அனுப்பாத நேரத்தில் அது வெறும் உலோகத் துண்டு, எந்தச் சோதனையிலும் சிக்காது. 1952-ல் ஜார்ஜ் கென்னன் தூதராக இருந்தபோதுதான் பிடிபட்டது. அமெரிக்க நிபுணர்கள் அவரை வேண்டுமென்றே உரக்க ஒரு கடிதத்தை டிக்டேட் செய்யச் சொல்லிவிட்டு, அலை எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். 1960 மே மாதம் அமெரிக்கா இதை ஐ.நா. சபையில் உலகத்துக்கே தூக்கிக் காட்டியது.

பிறந்தநாள் கேக்கில் இருந்த அதே சங்கதி இது. ஒரு உலோகத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று நகர்ந்தால் மின்தேக்கம் மாறும். கிளாரா பக்கத்தில் வந்ததும் கேக் சுழன்றது. தூதர் பேசியதும் சவ்வு நடுங்கியது. முதலாவதைத் தெர்மென் இஷ்டப்பட்டுச் செய்தார். இரண்டாவதைச் செய்தபோது அவர் கைதி. மறுக்கும் உரிமை அவருக்கு இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனாலும் பள்ளிப் பிள்ளைகள் கையால் கொடுக்க வைத்தார்கள் பாருங்கள், அதுதான் இதில் ஜீரணிக்க முடியாதது. 1947-ல் அவருக்கு ஸ்டாலின் பரிசும் கிடைத்தது, விடுதலையும் கிடைத்தது.

இந்தப் பக்கம் அமெரிக்காவில் தெரெமின் என்ன ஆனது? ஹாலிவுட்டில் பேய்க்கும் பைத்தியத்துக்கும் வேற்றுகிரக ஆசாமிகளுக்கும் பின்னணி வாசித்துக்கொண்டிருந்தது. 1945-ல் ஹிட்ச்காக்கின் 'ஸ்பெல்பவுண்ட்', 1951-ல் 'த டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்'. அந்த 'ஊ...' சத்தம் பிற்பாடு உலகம் முழுக்கப் பேய்ப் படங்களின் அடையாளமாகிவிட்டது. கிளாராவுக்கு இதெல்லாம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவர் கடைசிவரை ராக்மனினாஃபும் சேன்-சான்ஸும்தான் வாசித்தார்.

கடையில் கிடைக்காமல் போனாலும் தெரெமின் இன்னொரு வழியில் உயிரோடு இருந்தது. அதன் சர்க்யூட் படங்கள் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகைகளில் வந்தன. அப்படி ஒரு படத்தைப் பார்த்து, 1949-ல் நியூயார்க்கில் ஒரு பதினான்கு வயதுப் பையன் வீட்டிலேயே தெரெமின் செய்தான். அப்பா மின் பொறியாளர், வீட்டு நிலவறையில் பட்டறை வைத்திருந்தார். பையன் பெயர் ராபர்ட் மூக். 1954-ல் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து வீட்டிலிருந்தே தெரெமின் விற்க ஆரம்பித்தார்கள். 1961-ல் மூக் ஒரு பத்திரிகையில் டிரான்சிஸ்டர் தெரெமின் செய்வது எப்படி என்று எழுதினார், உதிரிபாகங்களை ஒரு பெட்டியாகவும் விற்றார். விலை 49.95 டாலர். வாங்குபவர் தானே சால்டரிங் அயர்ன் பிடித்துப் பற்றவைத்துக்கொள்ள வேண்டும். சுமார் ஆயிரம் பெட்டிகள் விற்றன. ஆர்.சி.ஏ. மாதிரி ஒரு ராட்சசக் கம்பெனி செய்ததே 500-தான். வீட்டில் உட்கார்ந்து விற்ற ஒரு மாணவர் அதைப் போல இரண்டு மடங்கு விற்றார்! 'யாரும் வாசிக்கலாம்' என்று அவர் சொல்லவில்லை. 'நீயே செய்து பார்' என்றார். அந்தப் பொருளை வாங்கக்கூடியவர் யார் என்று ஆர்.சி.ஏ.வுக்குப் புரியாதது அவருக்குப் புரிந்தது.

அந்தக் காசும் அந்த அனுபவமும்தான் 1964-ல் மூக் சிந்தசைசர் ஆனது. அதற்கப்புறம் உலக சினிமா, பாப், டிஸ்கோ எல்லாமே மாறிவிட்டது. ஒரு மூக் சிந்தசைசர் 1969-லேயே இந்தியாவுக்கும் வந்தது. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் வந்து, நாட்டின் முதல் மின்னணு இசைக்கூடத்தை அதை வைத்துத்தான் அமைத்தார். சில வருடங்களிலேயே அது ஓய்ந்துபோனது. அங்கே பதிவான ஒலிநாடாக்கள் பல காலம் கிடப்பில் கிடந்து, 2023-ல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன.

மூக்குக்குத் தன் மூலம் எது என்பது மறக்கவில்லை. கிளாரா வாசிப்பதை ஒழுங்காக யாரும் பதிவு செய்து வெளியிடவில்லையே என்று அவரும் அவர் மனைவியும் சேர்ந்து ஏற்பாடு செய்ததுதான் 1977-ல் வெளிவந்த 'தி ஆர்ட் ஆஃப் தி தெரெமின்' இசைத்தட்டு. கிளாராவுக்கு அப்போது 66 வயது. பியானோ வாசித்தவர் அவருடைய அக்கா நாடியா ரைசன்பெர்க்.

தெர்மெனைக் கிளாரா நடுவில் ஒரு முறை பார்த்திருந்தார். 1962-ல் கணவரோடு மாஸ்கோ போனபோது, இறந்துவிட்டதாக நினைத்த மனிதர் உயிரோடு இருப்பது தெரிந்து, யாரும் கவனிக்காதபடி சந்தித்துப் பேசினார்கள். 1967-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளர் மாஸ்கோ இசைக் கல்லூரியில் தெர்மென் வேலை பார்ப்பதைப் பார்த்து எழுதிவிட்டார். நல்லெண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் அதன் விளைவாக அவருடைய வேலை போயிற்று, அவர் அங்கே செய்து வைத்திருந்த மின்னணு வாத்தியங்களைத் தூக்கி எறிந்தார்கள். மின்சாரம் சங்கீதத்துக்கு உதவாது, மின்சாரம் ஆளைக் கொல்லத்தான் என்று மேலிடத்தில் சொன்னார்களாம்.

1991-ல், சோவியத் யூனியன் உடைந்துகொண்டிருந்த நேரத்தில், தெர்மென் 53 வருடம் கழித்து அமெரிக்கா வந்தார். வயது 95. ஸ்டீவன் மார்ட்டின் என்ற இயக்குநர் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். நியூயார்க்கில் அவரும் கிளாராவும் சந்தித்துக்கொண்டது அதில் இருக்கிறது. கிளாராவுக்கு அப்போது எண்பது. படம் 1993-ல் வெளிவந்தது, அதே வருடம் நவம்பரில் தெர்மென் மாஸ்கோவில் இறந்தார். கிளாரா 1998 மே மாதம் இறந்தார். அவர் வாசிப்பின் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. சேன்-சான்ஸின் 'அன்னம்' வாசிக்கும் வீடியோவில் அவர் இடது கையை மட்டும் கவனித்துப் பாருங்கள். விரல் நுனி லேசாக இறங்கி ஏறும், அந்த இடத்தில் சுரம் துல்லியமாக வெட்டுப்படும்.